பனிக்காலத்து வீடும் வாசற்காவலும்

குளிர்காலம் என்று இன்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் பருவத்தைப் பழந்தமிழர் மூன்றாகப் பிரித்திருந்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கூதிர் மழையோடு கலந்த குளிர். முன்பனி இரவின் முற்பகுதியிலேயே இறங்கிவிடும் பனி. பின்பனி விடியலை ஒட்டி விழும் பனி. இவற்றுள் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் குறிஞ்சிக்கு, அதாவது மலையும் மலை சார்ந்த நிலமுமாகிய பகுதிக்கு, உரிய பொழுதுகளாக வகுத்திருக்கிறது. குறிஞ்சி பாடுவதில் தலைசிறந்தவராகப் போற்றப்படும் கபிலர் உயிர்விட்ட இடமென்று மரபு காட்டும் கபிலர் குன்று, திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றுக்குள் நிற்கும் ஒரு பாறை. அந்தத் திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை நிற்கிறது. குளிருக்கும் மலைக்கும் இல்லறத்துக்கும் உள்ள உறவை ஆராய இதைவிடப் பொருத்தமான நிலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. கல்ராயன் மலை என்றும் வழங்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கள்ளக்குறிச்சியோடு சேலம், தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களையும் தொட்டுப் பரந்துள்ளது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப்பகுதி வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம். இங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத இப்பெயர் மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குகிறது; தமிழே அவர்களுடைய தாய்மொழி; தங்களைக் காராளர் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று அழைக்கப்பட்ட மூன்று ஜாகீர்தாரர்களின் கீழ் இம்மலை நெடுங்காலம் இருந்தது. ஜாகீர் என்பது வரி வாங்கும் உரிமையோடு ஒருவருக்கு விடப்பட்ட நிலப்பகுதி. இந்த முறை 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லும் நிலைக்கு வந்த குடும்பங்கள் இவை என்பதை நினைவிற்கொண்டால்தான், இங்கு ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டுச் சுவருக்கு மண் அப்புவதன் பொருள் முழுமையாக விளங்கும்.

நகரத்துத் தம்பதியருக்குக் குளிர்காலப் பயணமும் வீட்டைப் புதுப்பிப்பதும் நாய் வளர்ப்பும் தனித்தனியான மூன்று விருப்பங்கள். கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் அதன் மலையிலும் இம்மூன்றும் ஒரே பருவத்தின் வேலைகளாக ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருகின்றன. மழை ஓய்ந்த பின்தான் கூரை பிரிக்க முடியும். அறுவடை முடிந்த பின்தான் அதற்குக் கையில் காசு இருக்கும். அறுவடை முடிந்தால் உள்ளூரில் வேலை குறைவதால் வெளியூர் கிளம்ப வேண்டியிருக்கும். கிளம்பினால் வீட்டுக்குக் காவல் வேண்டும்.

முதலில் வீடு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி முற்பகுதி வரை பெய்து ஓய்கையில், மண்சுவர் வீட்டின் அடிப்பகுதியில் சாரல் அடித்த இடமெல்லாம் அரித்துப்போய், உள்ளிருக்கும் கூளமும் சிறு கல்லும் வெளியே தெரியத் தொடங்கும். கூளம் என்பது மண்ணோடு சேர்த்து மிதிக்கப்படும் நறுக்கிய வைக்கோல். உலரும்போது மண் சுருங்கி வெடிப்பதை அது தடுக்கிறது. மார்கழியில் புது வீடு புகுவதும் நிலை வைப்பதும் வழக்கமில்லை என்பதால், அம்மாதம் செம்மண் வெட்டிக் கொண்டுவந்து ஊறப்போடுவதிலும் புல் அறுத்து உலர்த்துவதிலும் கழிகிறது. போகிக்கு முந்திய நாள்களில் பூச்சும் வெள்ளையடிப்பும் முடிகின்றன. பெரிய மராமத்து தை பிறந்த பின் தொடங்குகிறது. வழக்கத்தின் பின்னே நடைமுறை அறிவும் இருக்கிறது. மண்சுவரை ஒரே மூச்சில் எழுப்பிவிட முடியாது. ஒரு படை, அதாவது ஓர் அடுக்கு, வைத்து அது இறுகிய பின்பே அடுத்ததை வைக்க வேண்டும். மழையில் கரையாமலும் கடும் வெயிலில் வெடிக்காமலும் அது மெல்ல உலர்வதற்குத் தை மாசிக் காற்றுதான் ஏற்றது.

கூரை வேய்வதை இப்பகுதி மக்கள் கூரை மேய்தல் என்பார்கள். சமவெளியில் தென்னங்கீற்றோடு கரும்புச் சோகையும், அதாவது கரும்பின் உலர்ந்த தோகையும், கூரைப் பொருளாகப் பயன்படுகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் மாவட்டம் இது. ஆலைகள் அரவையைத் தொடங்கும் மார்கழியை ஒட்டிக் கரும்பு வெட்டு தொடங்குவதால், சோகை தானே வீடு தேடி வருகிறது. மலையில் மூங்கிலைப் பிளந்த பட்டைகளை வரிச்சாகக் கட்டி, அதன்மேல் மலைப்புல்லை அடுக்குவது பழைய முறை. வரிச்சு என்பது கூரைச் சட்டங்களின் குறுக்கே நெருக்கமாகக் கட்டப்படும் மெல்லிய கழி. அடுக்குவது எறவாணத்தில், அதாவது கூரை சுவரைத் தாண்டி இறங்கும் கீழ்விளிம்பில், தொடங்கி முகட்டில் முடிய வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் ஒவ்வோர் அடுக்கின் நுனியும் கீழ் அடுக்குக்குள் புகுந்து, மழைநீரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விடும். கணவன் முகட்டில் ஏறி உட்கார்ந்து கட்ட, மனைவி கீழே நின்று புல்லைக் கைப்பிடி கைப்பிடியாக நீவி, நுனி ஒரே பக்கம் பார்க்கும்படி தட்டிச் சமன்செய்து மேலே எறிவது வழக்கம். பிடியின் கனம் சற்று மாறினாலும் கூரையில் அந்த இடம் பள்ளமாகிவிடும் என்பதால், கூரையின் சீர் கீழே நிற்பவரின் கையில்தான் இருக்கிறது.

பெண்களின் பங்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சேறு மிதிப்பதிலும் சுவர் பூசுவதிலும் தரை மெழுகுவதிலும் பெரும்பகுதி அவர்களுடையது. சாணத்தையும் மண்ணையும் கரைத்து, உள்ளங்கையை விரித்து, அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துப் பின்னோக்கி நகர்ந்துவரும் அந்த மெழுகலில், முதல் பூச்சின் வெடிப்புகளை இரண்டாம் பூச்சு நிரப்புகிறது. விரல்தடம் மறையாமல் வளையல் வளையலாக நிற்கும் தரையைக் கொண்டே மெழுகியவரின் கைப்பழக்கத்தை ஊரார் எடைபோடுவர். கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி உண்டு. ஆண்டுதோறும் ஒரு வீட்டை நிலைநிறுத்தும் இந்தக் கைவேலைக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. வீட்டு மராமத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே முறை.

மலையும் சமவெளியும் ஒரே சுவருக்குள் கலந்ததற்கு ஒரு சான்று கடுக்காய். கல்வராயன் மலைக் கடுக்காய் பெயர்பெற்றது. மருந்துக்கும் தோல் பதனிடுவதற்கும் செல்லும் இந்தக் காயைச் சேகரிப்பது மலைக் குடும்பங்களின் பருவ வருமானங்களுள் ஒன்று. சிமெண்ட் வருவதற்கு முன்னர், சுண்ணாம்புக் காரையில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைச் சேர்த்து அரைப்பது தமிழ்நாட்டுக் கட்டுமான முறையாக இருந்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் காரையைக் குழைவாக்கி, நீரை எதிர்க்கும் திறனையும் கூட்டுகின்றன. மலையின் காயும் சமவெளியின் கரும்பும் ஒரே ஆட்டுக்கல்லில் அரைபட்ட அந்தக் காரை, பழைய காரைக்கட்டு வீடுகளின் சுவரில் இன்றும் நகம் இறங்காத வழவழப்போடு நிற்கிறது. அத்தகைய சுவரைச் சிமெண்ட் பூசி மூடிவிடுவது பெருந்தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. சிமெண்ட் மேற்பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே சிறைவைத்துச் சில ஆண்டுகளில் பெயர்ந்து விழும்போது, பழைய காரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது.

வாசலுக்கும் இம்மாவட்டத்தில் தனிச் சிறப்புண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தன்மை குறிப்பிட்ட ஊரைச் சார்ந்தது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளின் தச்சர்கள் தெய்வ உருவங்களோடு நிலைகளையும் கதவுகளையும் செதுக்குகின்றனர். தையில் பழைய வீட்டை மாற்றிக் கட்டும் குடும்பம் எதை இடித்தாலும் நிலையை மட்டும் பத்திரமாகப் பெயர்த்தெடுத்துப் புதுச் சுவரில் பொருத்துவது பல ஊர்களில் காணக்கூடியது.

அடுத்தது பயணம். மழை ஓய்ந்த பின் மேகம், பெரியார் முதலான அருவிகளில் நீர் இருப்பதாலும், கோமுகி அணையைத் தாண்டி மலையேறும் சாலையின் இருபுறமும் பசுமை வாடாதிருப்பதாலும், சமவெளிக் குடும்பங்கள் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் வருவதற்கு மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள். விடியற்காலையில் பள்ளத்தாக்கில் தேங்கும் மூடுபனி ஏறு வெயிலில்தான் கலையும் என்பதால், கொண்டையூசி வளைவுகளில் வண்டியோட்டுவோர் விடிந்து சற்றுப் பொறுத்துக் கிளம்புவது நல்லது.

மலையிலிருந்து கீழே இறங்கும் பயணம் வேறு வகையானது. சாமை, கேழ்வரகு போன்ற மானாவாரிப் பயிர்கள் வீடு சேர்ந்ததும், மலைத் தம்பதியரில் பலர் சேர்ந்தே வெளியூர் வேலைக்குக் கிளம்புகின்றனர். கர்நாடகத்திலும் சேர்வராயன் மலையிலும் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் கேரளத்தில் மிளகு பறிக்கும் காலமும் இதே பனிக்காலம்தான். மேஸ்திரி எனப்படும் ஆள்திரட்டுபவர் தரும் முன்பணத்தைக் கொண்டு கூரையைச் சீர்செய்துவிட்டு, அந்தக் கடனைக் கழிக்கவே கணவனும் மனைவியும் வெளியூர் போகும் நிலை உண்டு. அவ்வாறு செல்வோர் தங்கள் வீட்டில் குளிர்காயாமல், அந்த வீட்டுக்காகவே பிறர் தோட்டத்துக் குடியிருப்பில் குளிரைக் கழிக்கின்றனர். பிள்ளைகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் முதியோர் ஊரிலும் தங்க, வீடு பூட்டிக் கிடக்கும். மெழுகாத தரை இரண்டு மாதத்தில் புழுதியாகும். அடுப்புப் புகை படாத கூரையில் பூச்சி இறங்கும். சுவரோரத்தில் கறையான் புற்று எழும்பும். மண்வீடு ஆள் புழங்கினால்தான் நிற்கும் என்பது இங்கு நாள்தோறும் காணும் உண்மை. சாலை, மருத்துவம், கல்வி ஆகிய அடிப்படை வசதிகளில் கல்வராயன் மலை மக்கள் பின்தங்கியிருப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. உள்ளூரிலேயே வாழ வழியிருந்தால் பனிக்காலத்தில் இத்தனை பூட்டுகள் தொங்கவேண்டிய தேவை குறையும்.

பூட்டிய வீட்டின் முன் மிஞ்சுவது நாய். இப்பகுதியின் நாயைப் பற்றிப் பேசுவோர் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது. நடுகல் என்பது போரிலோ ஆநிரைப் பூசலிலோ இறந்த வீரனுக்கு நடப்படும் நினைவுக்கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, ஏழாம் நூற்றாண்டுக் கல் இது; எருமை மந்தையைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு பதிவு செய்கிறது. அரசரின் பெயரும் வீரனின் பெயரும் பொறிக்கப்படும் கல்லில் ஒரு நாயின் பெயரையும் அதன் செயலையும் எழுதத் தோன்றிய மனம் வணங்கத்தக்கது. அந்தக் கல்லை எடுத்தவர்கள் கோவிவனைக் கால்நடைக் கணக்கில் சேர்க்கவில்லை. காவலில் நின்றவர்கள் வரிசையில் சேர்த்தார்கள்.

மலையாளி மக்களின் தோற்றக் கதையிலும் நாய்கள் வருகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இடம்பெற்ற ஒரு வடிவத்தின்படி, காஞ்சியைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் தங்கள் வேட்டைநாய்களோடு காடு புகுந்தனர். பெருமழை வெள்ளத்தால் அவர்களால் திரும்ப முடியவில்லை. நாய்கள் மட்டும் வீடு வந்து சேர்ந்தன. தலைவர் இல்லாமல் வந்த நாய்களைக் கண்ட மனைவியர், கணவர் இறந்தனர் என முடிவுகட்டி, வீட்டுக்குத் தீயிட்டுத் தாமும் மாண்டனர். பின்னர் உயிரோடு திரும்பிய சகோதரர்கள் எரிந்த வீடுகளைக் கண்டு, வேறு பெண்களை மணந்து, வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்று கதை முடிகிறது. இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் மழைக்காலப் பயணம், காத்திருக்கும் மனைவி, வீடு, நாய் ஆகிய நான்கும் ஒரு குடியின் தொடக்கக் கதையில் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பது, அந்த வாழ்வில் எவை ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன என்பதைக் காட்டுகிறது. நாய் தனியே திரும்பினால் அதுவே செய்தி. அந்தச் செய்தி தவறாகப் படிக்கப்பட்டதுதான் கதையின் துயரம்.

இன்றைய மலைவீட்டு நாய்க்கு வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுவிலங்கு வேட்டை குற்றமாகும். மரவள்ளிக் காட்டில் கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப்பன்றியை முன்கூட்டி அறிந்து குரைப்பதும், கோழியையும் ஆட்டையும் காப்பதுமே அதன் வேலை. வளர்ப்பவர் பெரும்பாலும் இனம் பார்ப்பதில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்பெற்ற தமிழக இனங்கள் தென்மாவட்டங்களுக்கு உரியவை. இங்கிருப்பது குட்டை முடியும் சுருண்ட வாலும் கொண்ட நாட்டுநாய். பெரும்பாலான நாட்டுநாய்கள் மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து ஏறத்தாழ 63 நாள் கருவைச் சுமப்பதால், குட்டிகள் குளிர் தொடங்கும்போதே பிறக்கின்றன. முடி குறைந்த உடலுக்கு மார்கழிப் பனி கடுமையானது. எனவே வீட்டார் உறங்கிய பின் வாசலோரத்து வெந்நீர் அடுப்பில் சூடு ஆறாத சாம்பலை முன்காலால் பறித்து, அதற்குள் மூக்கை வாலால் மூடிச் சுருண்டுகொள்ளும். காலையில் தண்ணீர் காயவைக்க வரும் வீட்டுக்காரி முதலில் அதை எழுப்பியாக வேண்டும். சாம்பல் பூசிய முதுகோடு எழுந்து அது உடல் சிலிர்க்கும்போது, நேற்று மெழுகிய வாசலில் ஒரு வெள்ளைப் படலம் விழுகிறது. ஒரு சாக்கைத் திண்ணையோரம் விரித்துவைத்தால் அதற்கும் நிம்மதி, அடுப்புக்கும் நிம்மதி.

அன்போடு கடமையும் உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊக்க ஊசியும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று எல்லாத் தவணை ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் உயிர்பிழைப்பது அரிது. சாம்பலும் மஞ்சளும் இதற்கு மருந்தாகா. வெளியூர் வேலைக்குக் கிளம்பும் தம்பதியர் நாயின் கஞ்சிக்கு அண்டை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஊசிக்கும் சொல்லிவிட்டுப் போனால் ஊருக்கே காவல்.

புதிய வீடுகள் இப்பருவத்தை மாற்றி வருகின்றன. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின்கீழ், குடிசையில் வாழும் குடும்பத்துக்கு 3.50 லட்சம் ரூபாய் மதிப்பில் 360 சதுர அடி வீடு கட்டித் தரப்படுகிறது. ஆண்டுதோறும் கூரை மேயும் பாடும் அதற்கான கடனும் தீயச்சமும் நீங்குவது பெரும் விடுதலை. மண்வீட்டின் அழகைப் பேசி அதை மறுப்பவர், ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளையை மாற்றி மாற்றிப் படுக்கவைத்த தாயை அறியாதவர். எனினும் பழைய வீட்டில் தானியம் வைக்கப் பரண் இருந்தது. கூலிக்குப் போய் இருட்டித் திரும்பும் இருவர் உட்கார்ந்து காலாற ஒரு திண்ணை இருந்தது. எறவாணத்தின் நிழலில் நாய்க்கு ஓர் இடம் இருந்தது. இத்திட்டத்தின் 360 சதுர அடியில் 300 அடிக்குக் கான்கிரீட் கூரை இருக்க வேண்டும். மீதி 60 அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைக் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம். அந்த 60 அடியை மற்றோர் அறையாக அடைத்துவிடாமல், முன்புறம் ஓட்டுச் சரிவு இறக்கி, அதன் கீழ்ப் பழைய வீட்டின் நிலையை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டினால், மாசிக் கடைசியில் காப்பித் தோட்டத்திலிருந்து மூட்டையோடு வந்திறங்கும் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கும். ஊர் எல்லையிலேயே அவர்கள் வாடை பிடித்து முன்னால் ஓடிவந்த நாய்க்கும், திண்ணையின் கீழ்ப் படியில் சாக்கு விரிக்க இடம் மிஞ்சும்.